இளம் உயிர்களின் வளர்ச்சியும் உணவிலுள்ள கொழுப்பும்



இளங்கன்று பயமறியாது என்பது நம் ஊர்ப் பழமொழி. கன்றுக்குப் பயம் இல்லாமல் இருக்கலாம், பசி உண்டு. அந்தப் பசிக்கு எதை இட்டால் அது தசையும் எலும்புமாகத் தேறி நிற்கும் என்று பத்துப் பேரைக் கேட்டால், ஒன்பது பேர் ‘புரதம்’ என்றே விடையளிப்பர். கடைகளில் வரிசையாக அடுக்கியுள்ள டப்பாக்களும் அதையே பெரிய எழுத்தில் கூறுகின்றன. விடை தவறன்று, ஆனால் அது பாதி விடைதான். எஞ்சிய பாதி, கொழுப்பைச் சார்ந்தது.

கொழுப்பு என்னும் சொல் தமிழில் சற்று அவப்பெயர் எடுத்துவிட்ட சொல். ‘அவனுக்குக் கொழுப்பு’ என்றால் செருக்கு என்று பொருள். ‘கொழுமை’ என்றாலோ செழுமை. புரதத்தின் கதை வேறு. 1838ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு வேதியியலார் முல்டர் அதை ‘புரோட்டீன்’ என்று எழுதியபோது, முதன்மையானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது. பெயரிலேயே முதலிடம் பெற்றுவிட்ட பொருளுக்கு மற்றவை இடம் விட்டு ஒதுங்கி நிற்பது இயல்புதானே? மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்டவன் ஆதலின் சொற்களில் சிறிது நின்றுவிட்டேன், பொருளுக்கு வருகிறேன்.

ஓர் இளம் பிராணிக்கு வேண்டிய அளவு நல்ல புரதத்தைக் கொடுத்து, கொழுப்பை மட்டும் அறவே நீக்கிவிட்டால் அது வளருமா? இக்கேள்விக்கு விடை தந்தவை வெள்ளெலிகள். மனிதக் குழந்தை இருபது ஆண்டுகளில் அடையும் வளர்ச்சியை எலிக்குஞ்சு சில மாதங்களில் அடைந்துவிடுவதால், ஆராய்ச்சியாளருக்கு அது உகந்த பிராணி.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மக்காலம் என்பவரும், அவருடைய உதவியாளரான மார்கரீட் டேவிஸ் அம்மையாரும் 1913இல் இளம் எலிகளுக்குப் பாலின் புரதமான கேசீன், மாவுப்பொருள், உப்புகள் ஆகியவற்றோடு பன்றிக் கொழுப்பையோ ஆலிவ் எண்ணெயையோ சேர்த்து ஊட்டினர். எலிகள் சில காலம் வளர்ந்தன, பின்னர் நின்றுவிட்டன. அதே உணவில் வெண்ணெயிலிருந்தோ முட்டையின் மஞ்சட் கருவிலிருந்தோ பிரித்தெடுத்த சத்தைச் சிறிது சேர்த்ததும், நின்ற வளர்ச்சி மீண்டும் தொடங்கிற்று. அதே ஆண்டில் நியூஹேவன் நகரத்தில் ஆஸ்பர்ன், மெண்டல் என்னும் இருவரும் வெண்ணெயைக் கொண்டு இத்தகைய முடிவையே கண்டனர். புரதத்தின் அளவில் எவ்வித மாற்றமும் இல்லை. ஆயினும் வளர்ச்சி நின்றது, மீண்டது. இதற்குக் காரணமான பொருளே பிற்காலத்தில் வைட்டமின் ஏ என்று பெயர் பெற்றது.

இதிலிருந்து அக்காலத்து அறிஞர் பலர் ஒரு முடிவுக்கு வந்தனர். கொழுப்பு வைட்டமினைச் சுமந்து வரும் வண்டி. அதைத் தவிர, அடுப்பில் எரியும் விறகு. வண்டியும் விறகும் வேறு வகையில் கிடைத்தால் கொழுப்பு தேவையில்லை என்பதே அம்முடிவு. அதனை 1929இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பர் என்பவரும் அவர் துணைவியார் மில்ட்ரெட் பர் அம்மையாரும் தகர்த்தனர்.

அவர்கள் செய்த சோதனை எளிதாகத் தோன்றலாம், நடத்துவது எளிதன்று. மாவு என்று நாம் சொல்லும் பொருளிலும் சிறிது கொழுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே அவர்கள் தூய கரும்புச் சர்க்கரையையும், நன்கு தூய்மை செய்த கேசீனையும், உப்புகளையும், கொழுப்பு நீக்கிய வடிவில் வைட்டமின்களையும் சேர்த்து உணவு சமைத்தனர். எலிக்குஞ்சுகள் முதலில் ஒழுங்காகவே வளர்ந்தன. சில வாரங்கள் சென்றபின் வாலில் செதில் செதிலாகத் தோல் உரியத் தொடங்கிற்று. பின்னங்கால்கள் சிவந்து வீங்கின. வால் நுனி அழுகியது, மயிர் உதிர்ந்தது, சிறுநீரில் இரத்தம் கண்டது. அவை மிகுதியாக நீர் குடித்தன, ஆயினும் அதற்கேற்பச் சிறுநீர் கழிக்கவில்லை. பழுதுபட்ட தோலின் வழியே நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. வளர்ச்சி நின்றது. இறுதியில் மாண்டன. மடிவதற்கு முன்னரே சில சொட்டுக் கொழுப்பை ஊட்டப்பெற்ற எலிகளோ நோய் நீங்கி வளர்ந்தன.

எந்தக் கொழுப்பும் இதற்கு உதவிவிடவில்லை என்பதே இங்கு முக்கியம். அடுத்த ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், லினோலிக் அமிலம் என்னும் ஒரு கொழுப்பு அமிலமே எலிகளைக் காத்தது என்று இருவரும் காட்டினர். அதனை விலங்குகளின் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. ஆதலின் ‘இன்றியமையாத கொழுப்பு அமிலம்’ என்ற பெயர் வந்தது. நம் சமையலறையில் வைத்துப் பார்த்தால், நல்லெண்ணெயிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழ 100க்கு 40 பங்கும், கடலை எண்ணெயில் 30 பங்கும் இவ்வமிலம் உண்டு. தேங்காய் எண்ணெயிலும் நெய்யிலும் 2 பங்கு அளவே.

இவ்வமிலம் செய்யும் வேலை யாது? உடலின் ஒவ்வோர் அணுவையும் மெல்லிய ஒரு சவ்வு சூழ்ந்து நிற்கிறது. அச்சவ்வு கொழுப்புப் பொருளாலானது. வளர்ச்சி என்பது புதிய அணுக்கள் தோன்றுவதுதான். புதிய அணுவென்றால் புதிய சவ்வு வேண்டும். அணுவினுள் புரதம் கட்டப்படும் பட்டறைகளிற் பலவும் இத்தகைய சவ்வுகளின் மீதே அமைந்துள்ளன. செங்கல் குவிந்து கிடந்தும் சாரம் கட்ட மூங்கில் இல்லாத கட்டடத்தின் நிலைதான் கொழுப்பற்ற உணவுண்ட எலியின் நிலை. அத்துடன், அத்தகைய எலிகளின் உடல் வழக்கத்தைவிட வேகமாக எரிபொருளைச் செலவிடுகிறது என்பதும் விரைவிலேயே தெரியவந்தது. தின்றது உடலில் சேராமல் வெப்பமாகப் போய்விடுகிறது.

வளர்ந்தவருக்கு இப்படி நேருமா என்று அறிய, வில்லியம் பிரவுன் என்னும் ஆராய்ச்சியாளர் தாமே ஆறு மாத காலம் கொழுப்பு மிக மிகக் குறைந்த உணவை உண்டு பார்த்தார். 1938இல் முடிவு வெளியாயிற்று. அவருக்குத் தோல் நோய் ஒன்றும் வரவில்லை. நெடுநாளாக இருந்த ஒற்றைத் தலைவலிகூட நின்றுவிட்டது என்பர். வளர்ந்த மனிதனின் உடலில் பல ஆண்டுச் சேமிப்பு உண்டு. ஆறு மாதம் கைப்பொருளை வைத்து உண்ணலாம். பச்சிளம் உயிருக்கு அந்தச் சேமிப்பு இல்லை. இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். 1963இல் ஹான்சன் முதலியோர் 428 கைக்குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சியில், லினோலிக் அமிலம் மிகக் குறைந்த பாலுணவு பெற்ற குழந்தைகளிடம் தோல் வறட்சியும் செதிலும், வளர்ச்சிக் குறைவும் காணப்பட்டன.

இனிப் புரதத்துக்கும் கொழுப்புக்கும் உள்ள மற்றோர் உறவைப் பார்ப்போம். இதை விறகுக் கணக்கு என்றே சொல்லலாம்.

உடம்பில் ஒருமுறை கட்டிய புரதம் வீட்டுச் சுவர் போல அப்படியே நின்றுவிடுகிறது என்று முன்னர் எண்ணியிருந்தனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷோன்ஹைமர் 1930களில், அடையாளமிட்ட நைட்ரஜன் அணுக்களை உணவில் கலந்து ஊட்டிப் பார்த்து, அவ்வெண்ணத்தை மாற்றினார். புரதம் இடைவிடாமல் இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருகிறது. வளரும் பிராணியில் இந்த வேலை மிக மும்முரமாக நடக்கிறது. இடிப்பதைவிடக் கட்டுவது மிகுதியானால் அந்த மிகுதியே வளர்ச்சி. கட்டுவதற்குக் கூலி உண்டு. ஓர் அமினோ அமிலத்தை அடுத்ததோடு இணைக்க, ஏ.டி.பி. என்னும் எரிபொருள் நாணயத்தின் கணக்கில் குறைந்தது நான்கு அலகு செலவாகிறது. ஒரு சாதாரணப் புரதத்தில் இத்தகைய இணைப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

கூலி கொடுக்கப் பணம் இல்லையென்றால் என்ன ஆகும்? உடல் செங்கல்லையே விற்றுக் கூலி கொடுக்கும். உண்ட புரதத்தையே எரித்து வெப்பமாக்கிக்கொள்ளும். உணவில் மாவும் கொழுப்பும் போதிய அளவு இருந்தால் புரதம் எரியாமல் தப்புகிறது. இதனைப் புரதச் சேமிப்பு என்பர். கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய ஹேமிஷ் மன்ரோ 1951இல் இத்துறைச் செய்திகளைத் திரட்டி ஆராய்ந்து எழுதினார். இவ்விஷயத்தில் மாவுப்பொருளும் கொழுப்பும் ஒன்றுக்கொன்று முழு ஈடல்ல என்பதையும் அத்துறையார் கண்டனர். மூளை முதலிய உறுப்புகளுக்குச் சர்க்கரை வேண்டும். கொழுப்பின் பெரும்பகுதியைச் சர்க்கரையாக மாற்ற விலங்குடலால் முடியாது. மாவுப்பொருள் அறவே இல்லையென்றால், அந்தச் சர்க்கரையை ஆக்கவும் அமினோ அமிலங்களே செலவாகும். ஆகவே கொழுப்பு தனியாக நின்று புரதத்தைக் காப்பது கடினம், துணை வேண்டும்.

இயற்கை இந்தக் கணக்கை எப்படிப் போட்டிருக்கிறது என்பதைப் பாலில் காணலாம். ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 40 கிராம் கொழுப்பும், 33 கிராம் புரதமும், 47 கிராம் பால்சர்க்கரையும் உள்ளன. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தரும்; மற்ற இரண்டும் 4 கலோரியே தரும். பெருக்கிப் பாருங்கள்: கொழுப்பிலிருந்து 360, புரதத்திலிருந்து 132, சர்க்கரையிலிருந்து 188, ஆக 680 கலோரி. பாதிக்கு மேல் கொழுப்பினுடையது. அந்தப் பாலிலிருந்து வெண்ணெயை முழுதும் எடுத்துவிட்டால் 320 கலோரிதான் மிஞ்சும். புரதம் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. பார்வைக்குப் பால் அப்படியே இருக்கிறது. ஆனால் அதைக் குடிக்கும் கன்று, குளிரில் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளவும் எழுந்து நடக்கவும் அந்தப் புரதத்தையே எரிக்க வேண்டியதாகிறது.

‘கொழுப்புக்குப் பதில் சர்க்கரையையோ கஞ்சியையோ கலந்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமே’ என்று கேட்கலாம். கேட்டுச் செய்து பார்த்தவர்களும் உண்டு; கன்றுகளுக்குக் கழிச்சலே மிச்சமாயிற்று. கன்றின் குடலில் பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதி நிறைய உண்டு. கரும்புச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி கிடையாது. மாவைச் செரிக்கும் ஆற்றலும் முதல் சில வாரங்களில் மிகக் குறைவு. பெரிய மாட்டுக்கு வைக்கோலைச் செரித்துத் தரும் முதல் இரைப்பை அதற்கு இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. குடித்த பால் ஒரு மடிப்பின் வழியே அதைத் தாண்டி நேரே நான்காம் இரைப்பைக்குச் சென்றுவிடுகிறது. எனவே அந்த வயதில் கன்றுக்குப் பால்சர்க்கரைக்கு அடுத்தபடியாக ஏற்ற எரிபொருள் கொழுப்பு ஒன்றே.

நம் கிராமங்களில் பசுவைக் கறக்கும்போது முதலில் கன்றை விட்டு ஊட்டி, பால் சுரந்ததும் இழுத்துக் கட்டிவிட்டுக் கறந்து, முடிந்தபின் மீண்டும் கன்றை அவிழ்த்துவிடுவர். கன்றுக்கென ஒரு காம்பை விட்டுவைக்கும் வழக்கமும் உண்டு. கறவையின் தொடக்கத்தில் வரும் பாலில் கொழுப்பு குறைவு. கடைசியில் வரும் பாலில் அதைப் போலப் பல மடங்கு. ஆகவே இறுதியில் அவிழ்த்துவிடப்பட்ட கன்று குடிப்பது அளவில் கொஞ்சமானாலும் நெய் மிகுந்த பால். கறப்பவர் கருணையுள்ளவராக இருந்து எதையாவது மிச்சம் வைத்தால்தான் இது பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட மாநிலங்களில் எருமைக் கிடாக் கன்றின் பங்கு பெரும்பாலும் கறந்த பாத்திரத்திலேயே போய்விடுகிறது.

சில பிராணிகளின் நிலை இன்னும் நெருக்கடியானது. பன்றிக்குட்டி பிறக்கும்போது அதன் உடலில் கொழுப்பு 100க்கு ஒன்றிரண்டு பங்குதான். மனிதக் குழந்தைக்கு 12 முதல் 15 பங்கு வரை உண்டு. தாயின் சீம்பாலை உடனே பெறாத பன்றிக்குட்டி குளிரிலேயே மடிந்துவிடும். வட அட்லாண்டிக் பனிக்கட்டியின் மேல் குட்டி ஈனும் ஹூடட் சீல் என்னும் கடல்நாயின் பாலில் 100க்கு 60 பங்கு கொழுப்பு. நான்கே நாள் பால் குடிக்கும் அக்குட்டி, அதற்குள் பிறந்த எடையைப் போல் இருமடங்காகிவிடுகிறது. ஆனால் ஏறியது பெரும்பாலும் கொழுப்பே, தசையன்று. எடை ஏறுவதெல்லாம் புரதம் சேர்வதாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் கொழுப்பை அள்ளிக் கொட்டலாமா எனின், கூடாது. இளம் எலி பெரும்பாலும் கலோரிக் கணக்கில்தான் வயிறு நிறைகிறது. உணவில் கொழுப்பைக் கூட்டினால் அது குறைந்த அளவே தின்னும். தின்னும் அளவு குறையும்போது கூடவே புரதமும் குறைந்துவிடும். கோழிப் பண்ணைக்காரர் தீவனத்தில் எண்ணெயைச் சேர்க்கும்போது புரதத்தின் பங்கையும் உயர்த்துவது இதனால்தான். அசைபோடத் தொடங்கிய கன்றுக்கோ, தீவனத்தின் உலர்ந்த எடையில் 100க்கு ஆறேழு பங்குக்கு மேல் கொழுப்பு சென்றால் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைச் செரிப்பது தடைப்படும். வைட்டமின் ஈ போதாத நிலையில் மீன் எண்ணெயை மிகுதியாக ஊட்டப்பெற்ற கன்றுகளின் தசை நலிந்ததும் உண்டு.

வட இந்தியாவில் குடியேறி, கடுகெண்ணெயில் தாளிக்கப் பழகிவிட்ட நம்மவர்களுக்கு ஒரு செய்தி. அவ்வெண்ணெயில் எரூசிக் அமிலம் என்ற ஒன்று மிகுதி. அதை அளவு கடந்து ஊட்டிய இளம் எலிகளின் இதயத் தசையில் கொழுப்பு படிந்தது, வளர்ச்சியும் குன்றியது. மனிதரிடம் அவ்வாறே நிகழ்கிறது என்று மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் குழந்தைகளுக்கான பாலுணவுகளில் இவ்வமிலத்துக்குப் பல நாடுகள் வரம்பு வைத்துள்ளன. சிறு குழந்தை இருக்கும் வீட்டில் கடுகெண்ணெய் ஒன்றையே நம்பாமல் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது விவேகம் என்பது என் கருத்து.

இத்துறையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. அதுவும் நீலகிரியிலிருந்து தொடங்குகிறது. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் 1920களில் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை இளம் எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டிப் பார்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் எடையில் முதலிடம் பெற்றன. சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசி இடம் பெற்றன. டில்லியில் வாழும் தமிழர்களை இதைச் சொல்லிப் பஞ்சாபி நண்பர்கள் கேலி செய்வதுண்டு. கேலி கிடக்கட்டும். அங்கே முழுக் கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகிய யாவும் சேர்ந்திருந்தன. இங்கே தீட்டிய அரிசியே பெரும்பகுதி, பாலும் வெண்ணெயும் அருமை. எனவே முழுப் பெருமையும் கொழுப்புக்கே என்றோ, குற்றம் முழுதும் அரிசியுடையது என்றோ அச்சோதனை தீர்ப்பளிக்கவில்லை.

அந்தக் குன்னூர் ஆராய்ச்சிச்சாலை 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அதன் தலைவராக நெடுநாள் இருந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். 1960களில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கைகளே ‘புரத நெருக்கடி’ என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், நம் ஏழைக் குழந்தைகளுக்கு முதற்குறை புரதமன்று, மொத்த உணவின் கலோரியே என்று அவர் வாதிட்டார். வெறும் வாதத்தோடு நிற்கவில்லை. 23 கிராம் கோதுமை மாவு, 35 கிராம் சர்க்கரை, 10 கிராம் சமையல் எண்ணெய் ஆகியவற்றாலான ஒரு பலகாரத்தை நாள்தோறும் சிறு குழந்தைகளுக்கு 14 மாதம் கொடுத்துப் பார்த்தனர். அதில் 310 கலோரி. புரதம் 3 கிராமே. பலகாரம் பெறாத குழந்தைகளைவிடப் பெற்றவர் உயரத்திலும் எடையிலும் தெளிவாக முந்தினர் என்று 1973இல் வெளியான கட்டுரை கூறுகிறது. அவர்கள் வீட்டில் உண்ட தானியத்திலும் பருப்பிலும் இருந்த புரதம், எரியாமல் தப்பித் தசையாயிற்று. ஆயிரம் டப்பாக்களின் விளம்பரத்தைவிட இந்த இரண்டு தேக்கரண்டி எண்ணெய் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இதை ஏன் பிற மாநிலத் தமிழர்களுக்குச் சொல்கிறேன் என்றால், பெருநகரங்களில் நம்மில் பெரும்பாலோர் பாலைப் பையில்தான் வாங்குகிறோம். மாமியாரும் பாட்டியும் ஊரில் இருக்க, எந்தப் பையை வாங்குவது என்பதைக் கணவனும் மனைவியும் பையின் மேலுள்ள எழுத்தைப் பார்த்தே முடிவு செய்கின்றனர். முழுக் கொழுப்புப் பாலில் 100க்கு 6 பங்கு கொழுப்பு. டோன்டு பாலில் 3. டபிள் டோன்டு பாலில் 1.5. இதய நோய்க்கு அஞ்சும் நாற்பது வயதுத் தந்தைக்கு மருத்துவர் சொன்ன டபிள் டோன்டு பையே, வீட்டிலுள்ள ஒன்றரை வயதுக் குழந்தையின் கிண்ணத்துக்கும் போகிறது. தந்தைக்கு ஏற்றது குழந்தைக்கு ஏற்றதாகாது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். அதன் கலோரியில் ஏறக்குறையப் பாதி கொழுப்பிலிருந்து வருவதாகும். அதன்பின் தாய்ப்பாலோடு ஊட்டும் பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டுப் பிசைய வேண்டும். சிறு வயிற்றில் மிகுதியான சோற்றுக்கு இடமில்லை. ஓராண்டு நிறைந்து பசும்பால் பழக்கும்போது கொழுப்பு நீக்காத பாலையே கொடுக்க வேண்டும். இரண்டு வயது கடந்தபின், குழந்தையின் எடையையும் உயரத்தையும் பார்த்து மருத்துவர் சொல்லும் வண்ணம், வீட்டார் குடிக்கும் பாலுக்குப் படிப்படியாக மாற்றிக்கொள்ளலாம்.